பத்துக் கழகங்களும் ஒரு மானும்

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு தகவல் உலவுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் செய்தவள் என்பது அது. கலியாண வீடு, பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி, எங்கே போனாலும் யாராவது ஒருவர் "வீராங்கனை வாறா, தள்ளி நில்லுங்கோ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். குடும்பத்துக்குள் புதிதாக வந்த மருமக்களை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கம் சொல்வார்கள். என் உயரம் நாலடி பதினொரு அங்குலம். (சப்பாத்தோடு.) மெத்ரோ ரயிலில் சனம் நெரிந்தால் நான் ஏறமாட்டேன், அடுத்ததில் வருவேன். அப்படிப்பட்ட வீராங்கனை.

உண்மையை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் மல்யுத்தம் செய்ததில்லை. அது மட்டுமல்ல, அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த எந்தக் கழகத்திலும் நான் ஒருநாள்கூட உறுப்பினராக இருந்ததில்லை. முப்பது வருடமாக இதை மூடி வைத்திருந்தது வெட்கத்தால்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வில்லரேயில் ஒரு மூன்றாம் மாடி வீடு. அம்மா தையல் தொழிற்சாலையில் ஐந்து மணி வரைக்கும். அப்பா புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில், போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விடும். இரண்டு தம்பிமாரின் பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். இடையிலிருந்த பதினைந்து நிமிடத்தில் நான் ஏழு தெருக்கள் ஓடவேண்டும். கழகங்களெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் தொடங்கும். சதுரங்கம், நாடகம், வானொலி, எதுவாக இருந்தாலும் அவர்கள் கதவைத் திறந்து உள்ளே போகும்போது நான் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருப்பேன்.

ஆனால் தம்பிமாரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். மதிய இடைவேளையிலும் கழகங்கள் கூடின. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் இல்லை. படிக்கட்டுக்குக் கீழே வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டேன். (குழம்பு மணம் மேல்மாடி வரைக்கும் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது.) ஐந்து வருடத்தில் சக மாணவர்கள் என்னிடம் அதிகம் பேசிய வசனம் "கொஞ்சம் தள்ளுகிறாயா, என் லாக்கர் உனக்குப் பின்னால் இருக்கிறது" என்பதுதான். நான் தள்ளி நின்றேன். அதில் நான் கெட்டிக்காரி.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. மிருக வைத்தியருக்கு உதவியாளராக வேண்டும். அதற்கான படிப்பு ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் வேறொரு ஊரில் இருந்தது. விடுதியில் தங்கவேண்டும். இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கேள்விகளுக்கு இரண்டு பதில்கள்தான் உண்டு. ஒன்று "உனக்கென்ன விசரே?" மற்றது "யோசிப்பம்." இரண்டாவது கிடைத்தால் முக்கால்வாசி வெற்றி. அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "யோசிப்பம்" என்றார். நான் அன்றைக்கே மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

அந்த வசந்தத்தில்தான் அல்பத்தின் பேச்சு வந்தது. இறுதி வகுப்பு மாணவர்களுக்காகப் பள்ளிக்கூடம் ஒரு தடித்த புத்தகம் அச்சிடும். ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம். படம், பெயர், எதிர்கால ஆசை, கடைசியில் நீ சேர்ந்திருந்த கழகங்கள் எவை என்று ஒரு வரி. படிவத்தில் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அல்பத்துக்குப் பொறுப்பான மதாம் லூசி நல்ல மனுஷி. படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சாய்த்துக்கொண்டு, "காலியாகவே விடலாம், அதில் ஒன்றும் வெட்கமில்லை," என்றார். அதுவரைக்கும் எனக்கு வெட்கம் இருக்கவில்லை. "நாளைக்குத் தருகிறேன்" என்று படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் கழகங்களுக்குப் படம் எடுக்கும் நாள். உடற்பயிற்சி மண்டபத்தில் உட்கார ஒரு நீள வாங்கைப் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கழகமாக நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்டபத்தைக் கடந்து போகப் பார்த்தேன். படம் பிடிக்க வந்தவர் சட்டைப்பையில் பாதி தின்ற சான்ட்விச்சோடு அவசரத்தில் இருந்தார். "ஏய், சின்னவளே! அங்கே என்ன பார்வை? ஓரமாக நில், சிரி!" என்று பிரெஞ்சில் கத்தினார். நின்றேன். சிரித்தேன். வெளிச்சம் வெட்டியது. அது சதுரங்கக் கழகம்.

ஒருவரும் "நீ எங்கள் ஆள் இல்லையே" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கேட்காததற்குக் காரணம் அவர்களுடைய பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் நான் நின்றதை அவர்கள் கவனிக்கவேயில்லை.

அடுத்ததாக வானியல் வந்தது. நான் வாங்கின் மறுபக்கத்துக்குப் போய் நின்றேன். பிறகு நாடகம். பிறகு பள்ளிப் பத்திரிகை. இசைக்குழுவில் யாரோ கீழே வைத்திருந்த முக்கோண மணியை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். பனிச்சறுக்குக் கழகத்தில் ஒருவன் தன் தடியை என்னிடம் தந்து "பிடி" என்றான். மதிய இடைவேளை முடிவதற்குள் ஒன்பது கழகங்களில் சேர்ந்துவிட்டேன். "கடைசிக் குழு!" என்று அந்த மனிதர் கூப்பிட்டதும் கால் தானாக ஓடியது. ஓரத்தில் நின்று சிரித்து, படம் எடுத்து முடிந்த பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். எட்டுப் பொடியன்கள், கையில்லாத இறுக்கமான உடுப்பு, தொடை தொடையாக. மல்யுத்தக் கழகம்.

பத்துப் படங்களிலும் நான் போட்டிருந்தது ஒரே சுவெட்டர். நத்தார்ப் பண்டிகை முடிந்து மலிவு விற்பனையில் அப்பா வாங்கி வந்தது. இரண்டு அளவு பெரிது. "வளருவாய்தானே" என்றார். (வளரவில்லை.) நெஞ்சில் பெரிய கொம்போடு ஒரு மான்.

அன்று பின்னேரம் படிவத்தை நிரப்பினேன்; மதாம் லூசி பாராத நேரத்தில் அவர் மேசையில் வைத்துவிடுவதாகத் திட்டம். இங்கேதான் என் புத்தி வேலை செய்த அழகைப் பார்க்கவேண்டும். ஒன்பது கழகங்களை எழுதி முடித்துவிட்டேன். பத்து என்றால் இன்னும் நிறைவாக இருக்குமே என்று தோன்றியது. மல்யுத்தம் என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை விட்டிருந்தால் இன்றைக்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பேன்.

அல்பம் வந்தது. வீட்டில் என் பக்கத்தை மட்டும் திறந்து காட்டினேன். அப்பாவுக்கு அப்போது பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. விரலால் காற்புள்ளிக்குக் காற்புள்ளி நிறுத்திச் சொற்களை எண்ணிப் பார்த்து, "பத்தோ!" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறிப் பியர்பொன்ட்ஸுக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குணம் மாமா, அம்மாவின் தம்பி. எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். சொந்த வீடு, சொந்தக் கார், சரளமான பிரெஞ்சு. மாமா வாசித்துச் சொல்ல அதைத் தான் கேட்கவேண்டும் என்பது அப்பாவின் திட்டம்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சதுரங்கம். மூளைக்கு நல்லது."

அப்பா தலையாட்டினார்.

"வானியல். நட்சத்திரம் பாக்கிறது. உதைப் பகலில பாக்கேலாதே, அத்தான்?"

அப்பாவின் தலை பாதியில் நின்றது.

"நாடகம்." மாமி வடைத் தட்டைக் கீழே வைத்தார். "பனிச்சறுக்கு. இதுக்கு மலைக்கெல்லோ போகவேணும்? ஆர் கூட்டிக்கொண்டு போனது? பத்தாவது... " மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "மல்யுத்தம்."

பிறகு அவர் என் பக்கத்தை விட்டுவிட்டுக் கழகங்களின் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். அப்பா அவர் தோளுக்கு மேலால் ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். மல்யுத்தப் படத்தில் மாமா விரலை வைத்து, கீழே அச்சடித்திருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தார். "மத்தியூ, ஸ்தெஃபான், கார்லோஸ், ழான்-பிலிப்..." எட்டுப் பெயர்களையும் வாசித்தார். படத்தில் ஒன்பது தலைகள். என் பெயர் அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. பொடியன்களின் பெயரில்தான் அவருக்கு அக்கறை.

"எடியே, என்னடி இது? வாயைத் திறந்து சொல்லன்!" என்றார் அம்மா.

"அக்கா ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போறவா," என்று பெரிய தம்பி எனக்காகச் சாட்சி சொன்னான்.

"அப்ப பள்ளிக்கூட நேரத்திலதான் உந்தக் கூத்தெல்லாம்," என்று மாமா தீர்ப்பை எழுதிவிட்டார்.

ஒரு வசனம் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். நான் ஒன்றிலும் இல்லை, எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, ஐந்து வருடம் படிக்கட்டுக்குக் கீழே தனியாக இருந்தேன். அவ்வளவுதான். வாயைத் திறந்தும்விட்டேன். மாமியின் முகத்தைப் பார்த்தேன். அதில் இப்போது கோபம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதே முகத்தில் "அச்சோ, பாவம்" என்று ஒன்று வரும். மதாம் லூசி தலையைச் சாய்த்தது போல் எல்லாரும் தலையைச் சாய்ப்பார்கள். அடங்காதவள் என்ற பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, ஒருவருமில்லாதவள் என்ற பெயர் வேண்டாம் என்று பதினேழு வயது மூளை கணக்குப் போட்டது.

"ஓம்," என்றேன். "எல்லாத்திலயும் இருந்தனான்."

"இப்பிடியான பிள்ளையை வேற ஊரில, விடுதியில விடப் போறீங்களோ, அத்தான்?" என்று கேட்டார் மாமா.

அப்பா அல்பத்தை வாங்கி மல்யுத்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். "இல்லை. அவ இஞ்சையே படிக்கட்டும்," என்றார்.

இங்கேயே படித்தேன். அலுவலக நிர்வாகம். இப்போது புவாண்ட்-கிளேரில் லொறி உதிரிப்பாகம் விற்கும் ஒரு கம்பனியில் இருபத்துநாலு வருடமாக விலைப்பட்டியல் தட்டுகிறேன். வீட்டில் ஒரு பூனைகூட இல்லை, கணவருக்கு மயிர் பட்டால் தும்மல். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமாவின் மீது கோபம் இருந்தது. அதைவிட அந்த மான் சுவெட்டர்காரியின் மீது இருந்தது. அப்பாவின் மீது இருக்கவில்லை. பாவம், ஏமாந்த மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் என் மகள் ஆரணி தன்னுடைய அல்பத்துக்காகப் படிவம் நிரப்பினாள். (அவள் உண்மையாகவே மூன்று கழகங்களில் இருக்கிறாள். நான் விசாரித்துவிட்டேன்.) என்னுடையதைப் பார்க்க ஆசைப்பட்டு நிலவறைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு நிமிடம் புரட்டியிருப்பாள்.

"அம்மா, எல்லாத்திலயும் ஒரே மான்," என்றாள். "எல்லாம் ஒரே நாள் எடுத்த படம். உங்கட பேர் ஒண்டுக்குக் கீழயும் இல்லையே." பிறகு மெதுவாக, "உங்களுக்கு ஒரு ஃப்ரெண்ட்கூட இருக்கேல்லையா?"

முப்பது வருடமாக எத்தனையோ பேர் அந்த மல்யுத்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். என் தம்பி தன் கலியாணத்தில் அதைத் திரையில் போட்டான். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. "வாயை மூடிக்கொண்டு அதைப் பெட்டிக்குள்ள வை," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு பியர்பொன்ட்ஸில் மாமா வீட்டுச் சாப்பாட்டுக்கு அல்பத்தைப் பைக்குள் கொண்டு வந்து, மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவுக்கு எண்பது வயதாகப் போகிறது.

"அம்மப்பா, இதைப் பாருங்கோ. அம்மா பொய் சொன்னவா."

அப்பா பார்க்கவில்லை. அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "தெரியும் பிள்ளை. உந்த மான் சட்டை நான் வாங்கிக் குடுத்ததுதானே. அண்டைக்கே கண்டனான். குணம் வாசிச்ச பேருகளிலயும் அம்மா இல்லை," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அண்டைக்கே தெரியுமெண்டா ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னா உன்னைப் போகவிட வேண்டி வந்திருக்கும்." அவர் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. "எனக்கு விட மனமில்லை. மாட்டன் எண்டு சொல்ல ஒரு காரணமும் இருக்கேல்லை. குணம் ஒண்டைக் கொண்டுவந்து கையில தந்தான்."

சொல்லிவிட்டு அப்பளத்தைச் சாப்பிட்டார். ஆரணி அல்பத்தை மெதுவாக மூடினாள்.

மேசையின் மறுமுனையில் இருந்த மாமாவுக்கு இப்போது காது மந்தம். ஒன்றும் கேட்டிருக்காது. "என்ன அங்க குசுகுசுப்பு?" என்று கத்தினார். "வீராங்கனை, அந்த நண்டுக்கறியைக் கொஞ்சம் இஞ்சால தள்ளு பாப்பம்!"

மேசை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

நான் தள்ளினேன். சட்டி மேசையின் முழு நீளத்துக்கும் வழுக்கிப் போய், மாமாவின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலிருந்து மடி வரைக்கும் கவிழ்ந்தது. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நன்றாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன், துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன். பலன் ஒன்றுமில்லை. "பாத்தீங்களோ, வயசு போயும் கையில அந்தப் பலம் போகேல்லை," என்று மாமா இப்போது காணும் ஆட்களிடமெல்லாம் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து காட்டுகிறார். நான் மல்யுத்தம் செய்தவள் என்பதற்கு இதுவரைக்கும் படம் மட்டும்தான் இருந்தது, இனிமேல் கறையும் இருக்கிறது.