தோல்முட்டையும் சம்பந்தி வீட்டு வாத்துகளும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு மூவரும் உடல்நலத்தில் குறைவில்லை. என் மனநலம் பற்றித் தங்கள் தங்கை தனியே எழுதுவாள். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் பார்த்துப் பேசி அனுப்பிய சம்பந்தி வீட்டாரை நான் கேட்டிலேயே குளிக்க வைத்து, உள்ளே உட்கார வைத்து, பாதி டீயில் எழுப்பி வெளியே அனுப்பியது பற்றித் தொலைபேசியில் கேட்டீர்கள். அன்று பதில் சொல்லாதது மரியாதைக் குறைவால் அல்ல. தாங்கள் நடுவில் மூச்சு விடவே இல்லை.

இது சமையலுக்கு முட்டை விற்கிற பண்ணை அல்ல என்பது தாங்கள் அறிந்ததே. இங்கே இருப்பவை தாய்க்கோழிகள்; இடுகிற முட்டை ஒவ்வொன்றும் குஞ்சாக வேண்டியது. கடைசி ஷெட்டில் கோழிகள் இப்போதுதான் முட்டையிட ஆரம்பித்தன. ஒரு நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முட்டை வெளுத்துப் போயிருக்கிறது, அடுத்தது தொட்டதும் நொறுங்குகிறது, அதற்கடுத்தது ஓடே இல்லாமல் வெறும் தோல்முட்டை, தண்ணி ரொப்பின பலூன் மாதிரி உள்ளங்கையில ஆடுது. கோழியைப் பார்த்தா ஜம்முனு நிக்குது, நல்லா தின்னுது, சேவலை விரட்டிக்கிட்டு ஓடுது, ஒரு தும்மல் கிடையாது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது வைரஸ், கோழியைக் கொல்லாது, முட்டை உண்டாகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டைக் கெடுக்கும், எச்சத்திலும் முட்டை அட்டையிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஷெட் போகும் என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது, "பக்கத்துல யாராவது வாத்து வளர்க்குறாங்களா? வாத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா இந்தக் கிருமி அதுங்ககிட்ட சுகமா இருக்கும்" என்றார். அவர் போயிட்டார் மச்சான், அந்த வாத்து மட்டும் என் மண்டையை விட்டுப் போகல.

முதலாளி வேறு போன் பண்ணி, மற்ற ஷெட்டுக்கும் பரவினால் எல்லாக் கோழியையும் விற்றுவிட்டுப் பண்ணையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். மூடினால் வேலையும் போகும், பண்ணைக்குள் இருக்கிற இந்த வீடும் போகும், பெண்ணுக்கு எந்த வீட்டிலிருந்து கல்யாணம் பண்ணுவது? அன்றிலிருந்து நான் மனுஷனா இல்ல. கேட்டில் தொட்டி வைத்து மருந்துத் தண்ணி ஊற்றினேன். தீனி லாரியின் சக்கரத்தைக் கழுவச் சொன்னேன், டிரைவரைக் கழுவச் சொன்னேன், டிரைவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனதால் தீனியை நானே தலைச்சுமையாய்க் கொண்டுவந்தேன். குருவியைத் துரத்தப் போய்க் கூரை ஓட்டை உடைத்தேன். தங்கள் தங்கை கடையிலிருந்து கொண்டுவந்த காய்கறிப் பையை அப்படியே தொட்டியில் முக்கினேன். அன்றைக்குச் சாப்பாடு ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சம்பந்தி வீட்டார் வரப்போவது அன்றைக்குத்தான் என்பதாவது எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எப்பேர்ப்பட்ட கம்பீரம்! கேட் காவலர் எனக்குப் பயந்து அவரைக் கேட்டில் இருக்கிற குளியல் ஷவருக்குள் அனுப்பிவிட்டார். வெளியே வந்தவருக்குப் பண்ணையில் மாட்டுகிற ஓவரால் உடுப்பு முக்கால்வாசிதான் ஏறியது, மிச்சத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுடைய புதுச் செருப்பு தொட்டியில் சாயம் விட்டு மிதந்தது. மாப்பிள்ளைப் பையன் மட்டும், நில அளவையர் இல்லையா, சேறு பழகிய ஆள், தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தான். இத்தனைக்கும் அவர்கள் முகம் சுளிக்கவில்லை மச்சான், தங்கமான மனுஷங்க. டீ வந்தது. நம் பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள். பேச்சு நன்றாகத்தான் போனது. அப்போது தலைமையாசிரியர் என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "எனக்கும் பறவைன்னா உயிர். வீட்டுக்குப் பின்னால குட்டையில வாத்து வளர்க்கிறேன். காலையில அதுங்களைக் கொஞ்சிட்டுத்தான் கிளம்பினேன்" என்றார்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவர் கையிலிருந்த கப்பை நான் பிடுங்கியதாகவும், சோபாவோடு சேர்த்து அவர் மேல் மருந்து அடித்ததாகவும், "கொலைகாரக் குடும்பம்" என்று கத்தியதாகவும் தங்கள் தங்கை சொல்கிறாள். மருந்து அடித்தது வரை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, தாங்கள் உடனே அவர்கள் வீட்டுக்குப் போய் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும். இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிவராது என்பதையும் பக்குவமாகச் சொல்லிவிடவும். வாத்து வளர்க்கிற வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, அவள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கேட்டை மூட முடியுமா? நம் பெண் அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை, சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். தாங்களும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, கோழிகள் இல்லாத உத்தியோகத்தில் அமர்ந்து, நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்குப் பாத்திரமான
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் போன் செய்தார். கிருமி வெளியிலிருந்து வரவே இல்லையாம். இந்தக் கோழிகளைப் பெற்ற தாய்க்கோழிக்கே இருந்து, முட்டை வழியாக இதுங்களுக்கு வந்து, குஞ்சாக இறங்கின நாளிலிருந்து உள்ளேயே சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. முட்டையிடுகிற பருவம் வந்ததும்தான் கிளம்பியதாம். மற்ற ஷெட்டுக்குப் பரவவில்லை, முதலாளி பண்ணையை மூடவில்லை. இதை நான் சத்தமாகச் சொன்னதுதான் தாமதம், நம் பெண் எழுந்து வந்து, "அப்போ அவங்க வாத்து மேல தப்பில்லைதானேப்பா?" என்று கேட்டு, என் கையிலிருந்த போனை வாங்கித் தலைமையாசிரியரிடமே பேசி, எங்கப்பா சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிறேன், எனக்குச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை வந்து நாள் குறிங்க என்று முடித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பிடிவாதம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று தங்கள் தங்கையைக் கேட்டேன். "உள்ளேயேதான் இருந்திருக்கு. நான் கொடுத்ததுதான்" என்கிறாள். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். கிளம்பி வாங்க மச்சான்.