பக்கத்து வீட்டில் ஒருவரும் சாகவில்லை

மல்கிரேவ்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய வீட்டுக்காரர் சடகோபன் அவர்களுக்கு,

உங்கள் மல்கிரேவ் வீட்டில் குடியிருக்கும் ஆனந்தராஜா வணங்கி எழுதுவது. நானும் மனைவி பவளமும் சுகம். கிரெய்கிபர்னில் நீங்களும் விமலாவும் பிள்ளைகளும் இந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். கூரை ஒழுக்கைத் திருத்தித் தந்ததற்கு நன்றி. இப்போது மற்ற மூலையில் ஒழுகுகிறது. ஆனால் அது இந்தக் கடிதத்தின் விஷயம் அல்ல.

விஷயம், எங்கள் சுவரோடு ஒட்டிய உங்கள் மற்ற வீட்டில் இருக்கும் ஜப்பான்காரி சச்சிகோவைப் பற்றியது. சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிவைத்துச் சோகப் பாட்டுப் பாடுகிறார் என்று நான் தொலைபேசியில் முறையிட்டபோது, "எழுத்துல குடுங்க சார். அடுத்த மாசம் அந்தம்மாவோட லீஸ் முடியுது. உங்க லெட்டர் கையில இருந்தா ஏஜென்ட் புதுப்பிக்காம விட்டுடுவாரு" என்றீர்கள். ஆகவே ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்கியது ஒரு சனிக்கிழமை பின்னேரம். சச்சிகோவின் வாசலில் நிறையச் சப்பாத்துகள். வந்த சனம் எல்லாம் கறுப்பு உடுப்பு. மெல்பேர்ண் குளிருக்குக் கல்யாண வீட்டுக்கும் கறுப்புத்தான் போடுகிறார்கள் என்பது அந்த நேரம் எனக்கு நினைவு வரவில்லை. ஒரு பெரியவர் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். பவளம் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அது சாம்பல் பெட்டியப்பா. ஆரோ மோசம் போட்டினம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் இழுத்து இழுத்து அழத் தொடங்கியது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும், இது யாழ்ப்பாணத்துக்கும் மல்கிரேவுக்கும் ஒரே நியாயம்தானே? பவளம் அவசரமாகச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். நான் வெள்ளை வேட்டி கட்டி, குளிரில் முழங்கால் நடுங்க, சட்டியோடு அவள் பின்னால் போனேன்.

முறைப்படி சிரிக்காமல், சுகம் விசாரிக்காமல், மூலைக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஒரு அம்மா பியர் நீட்டினார். இந்த நேரத்தில் வேண்டாம் என்று கையால் காட்டினேன். பெட்டி கொண்டுவந்த பெரியவர் எழும்பி, கண்ணை மூடி, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உருகிப் பாடினார். இவர்தான் மனைவியைப் பறிகொடுத்தவர் என்று விளங்கிக்கொண்டேன். பாடி முடிய, டிவியில் பெரிதாக 72 என்று வந்தது. "எழுபத்திரண்டு வயசு. பாவம், போற வயசே?" என்று பவளத்தின் காதில் சொன்னேன். அடுத்து ஒரு பெண் பாடினார். 81 என்று வந்தது. "ஐயோ, தாயும் போட்டாவோ!" என்று பவளம் நெஞ்சில் கைவைத்தாள். அவர்கள் கைதட்டியதுதான் எனக்குக் கொஞ்சம் இடித்தது. சரி, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு சச்சிகோ பாடினார். திரையில் மழை, துறைமுகம், போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பல். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியதைக் கண்டதும் பவளம் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். ஓடிப்போய் அவரைக் கழுத்தோடு கட்டிப்பிடித்து, ஒலிவாங்கி இரண்டு பேருக்கும் நடுவில் நசிபட, ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு அடியும் சச்சிகோவுக்காகத்தான். மூன்றாவது அடியில், "பெத்தவளே, உன்ரை முகத்தைக் கைபேசிக்குள்ளை பாத்தேனே, கட்டிப்பிடிச்சு அழக் கையிருந்தும் வழியில்லையே" என்று வந்தது. இசை நிற்க, டிவியில் 98 என்று வந்தது. எல்லோரும் எழும்பி நின்று தட்டினார்கள். அந்தப் பெட்டி இதுவரை ஒருவருக்கும் தொண்ணூறைத் தாண்டிக் கொடுக்கவில்லையாம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான், செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு வரக்கூடாது என்பதால், பவளத்தை மெல்ல இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாங்கள் கோபித்துக்கொண்டு போனோம் என்று சச்சிகோ நினைத்து, மறுநாள் காலை இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். கைபேசியில் மொழிபெயர்த்து, "இறந்தவர் யார்?" என்று கேட்டேன். அவரும் பதறி, "யார் இறந்தார்?" என்று என்னைக் கேட்டார். கறுப்புப் பெட்டி கரோக்கே பெட்டி, பாடுகிற ஆளுக்கு டிவியில் புள்ளி போடுகிற சாமான். மனைவியைப் பறிகொடுத்தவரின் மனைவிதான் எனக்குப் பியர் நீட்டியவர்.

இனி என் முறைப்பாடு. அன்றிலிருந்து பவளம் சனிக்கிழமைகளில் என்னுடைய ஆள் இல்லை. ஜப்பான் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கணவன் கைவிட்ட பாட்டு ஒன்றுக்கு மீன் குழம்பு அடிப்பிடித்தது. வெரிபீயில் இருக்கும் மகள் சுஜீவா தொலைபேசி எடுத்து, "அப்பா, இஸ் அம்மா ஓகே? ஷி இஸ் க்ரையிங் இன் ஜப்பனீஸ்" என்கிறாள். இதெல்லாம் பொறுத்தேன். போன கிழமை கோயில் சிநேகிதி இரஞ்சிதம், தெருவால் போகும்போது பவளத்தின் குரலைக் கேட்டுவிட்டு, சோறும் பருப்புமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தது நான். மேலும் கீழும் பார்த்து, "ஓ... நீங்கள் இருக்கிறியளோ?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. கொண்டுவந்த சட்டியைத் தந்துவிட்டுப் போனார்.

ஒரு மனுசன் உயிரோடு இருப்பதற்குச் சமாதானம் சொல்லவேண்டிய நிலைமை வந்தால், அது அயல் தொந்தரவு இல்லாமல் வேறென்ன? தக்க நடவடிக்கை எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விமலாவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் படித்து, பெரிய ஆட்களாகி, ஒழுகாத வீடுகளில் வாழ ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
ஆனந்தராஜா

பி.கு: கடிதத்தை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். கிழித்துவிடுங்கள். பவளத்தின் தாய் கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோசம் போனபோது, இங்கே எல்லையைப் பூட்டி வைத்திருந்தார்கள். செத்த வீட்டைக் கைபேசியில் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை, சிரிக்கவுமில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். இப்போது சனிக்கிழமைகளில் அழுதுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சண்டை பிடிக்கிறாள். எனக்கு அது போதும். சச்சிகோவுக்கு லீஸைப் புதுப்பித்துக் கொடுங்கள். அவரை வீட்டைவிட்டு எழுப்பினால் நாங்களும் எழும்புவோம்.

நேற்று ஒரு சோடிப் பாட்டுக்கு ஆண்குரல் தேவை என்று என்னையும் பாட வைத்தார்கள். பெட்டி எனக்கு 41 கொடுத்தது. குரலில் சோகம் காணாது என்றார் சச்சிகோ. பவளம் விட்டாளா? "கட்டின நாள் தொடக்கம் இந்த மனுசனுக்கு நான் என்ன குறை வைச்சனான், சோகம் வாறதுக்கு?" என்றாள்.