நிண்டுபிடியாரும் எங்கள் சில்லு வீடும்

எந்தப் பொருளைக் காட்டினாலும் அது எப்போது பழுதாகும் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் நிண்டுபிடியார்தான். சொன்னதில் பாதிக்கு மேல் பிழையாகப் போய்விடும். அதற்காக அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எதைக் கண்டாலும் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார், காதைக் கொடுத்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்கி "உது நிண்டுபிடிக்காது" என்பார், நெடுநாள் தாங்காது என்று அர்த்தம். கதிரை, கார், வத்தகப்பழம் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புத்தான். அரசாங்கத்துக்கு மட்டும் தட்டிப் பார்க்காமலே சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மனைவியும் வெக்ஸ்போர்ட்டில், மனைவியின் தமக்கை வீட்டில், ஒரு அறைக்குள் ஒண்டிக்கொண்டிருந்தோம். ஸ்காபரோவுக்கு அப்பால் கார் விலைக்கு ஒரு வீடு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் விழுந்தடித்துப் போய் வாங்கினோம். பஸ் போல நீளமான வீடு. சில்லுப் பூட்டி இழுத்துவந்து கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். வீட்டை றிவேர்ஸ் எடுத்துக் காட்டு என்று நண்பர்கள் பகிடி பண்ணினார்கள். எனக்கு ராசா மாதிரி இருந்தது.

குடிபோன அன்றே பக்கத்து வீட்டு நிண்டுபிடியார் வந்துவிட்டார். சுவரைத் தட்டினார், தரையில் குதித்துப் பார்த்தார். கடைசியில், சமையலறை ஓரத்து அலுமாரிக்குள் நின்ற ஹீற்றரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முழு வீட்டுக்கும் சூடு கொடுப்பது அது ஒன்றுதான்.

"தம்பி, உது இந்த விண்டருக்கே நிண்டுபிடிக்காது."

பால் பொங்குவதற்கு முன்பே இழவு சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அதன்பிறகு அவருடைய தலை தெரிந்தால் நான் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீட்டில் இல்லாதவன் போலப் பதுங்கத் தொடங்கினேன்.

அவரால் பாதிக்கப்பட்டவன் நான் மட்டுமல்ல. அஜின்கோர்ட்டில் ஒரு கலியாணத்துக்குப் போனவர், மணவறைத் தூணைத் தட்டிப் பார்த்து, விழப்போகிறது என்றிருக்கிறார். யாரும் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. தாலி கட்டி முடியும்வரை தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த அல்பத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில், எல்லாப் படத்திலும், வியர்த்து வழிந்தபடி ஒரு முகம் இருக்கிறது.

இன்னொருமுறை எங்கள் வரிசையில் ஒருவர் பழைய கார் வாங்கினார். வழியில் நின்றுவிடும் என்று நிண்டுபிடியார் அடித்துச் சொன்னார். அந்த மனிதர் கேட்காமல் நயாகராவுக்குப் புறப்பட, இவர் தன்னுடைய வான் வண்டியில் பின்னாலேயே போனார். கார் குதிரை மாதிரி ஓடியது. பாதி வழியில் இவருடைய வான்தான் நின்றது. அந்தக் காரில் கயிறு கட்டி இழுத்துத்தான் வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முதல் விண்டரை ஹீற்றர் தாண்டியது. அவரைக் காணும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அடுத்த விண்டரில் மகள் பிறந்தாள். ஒன்றரை மாதம் முந்திப் பிறந்தவள். என் உள்ளங்கையில் தலை, முழங்கையில் கால். வீட்டுக்கு அனுப்பும்போது, குளிர் மட்டும் படக்கூடாது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. நிண்டுபிடியார் பார்க்க வந்தபோதெல்லாம், பிள்ளை நித்திரை என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடினேன். அவர் விரலை மடக்கி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்க வேண்டும் என்று மனைவியின் தமக்கை காலையிலேயே வந்து இறங்கினார். துடக்கு வீட்டைத் துணியால் துடைத்தால் போதுமா? ஊரில் சீமெந்துத் தரையைக் கழுவிய அதே வேகத்தில், வாளி வாளியாக மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்தார். ஹீற்றர் நின்ற அலுமாரியையும் விட்டுவைக்கவில்லை. நான் வேலையால் வந்தபோது வாசலில் நின்று மெச்சிக்கொண்டிருந்தார்.

"கட்டினவங்கள் கெட்டிக்காரர்தான். தண்ணி ஓடத் தரையிலையே கம்பி போட்டு ஓட்டை வைச்சிருக்கிறாங்கள்."

அவை ஹீற்றரின் சூட்டுக்காற்று மேலே வருகிற ஓட்டைகள். தண்ணீர் முழுவதும் அதற்குள்தான் போயிருந்தது. ஹீற்றர் ஒருதரம் முனகிவிட்டு அடங்கியது. குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தேன். குளிருக்கு மூடித் தைத்திருந்த கறுப்புப் படங்கு, நிறைமாதக்காரியின் வயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

திருத்த வந்தவர் ஒரு தொகை சொன்னார். வீட்டை வாங்கிய விலையில் அரைவாசி. நாங்களே ஊற்றிய தண்ணீருக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ்காரர் மரியாதையாகச் சொன்னார்கள். மனைவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்ப அக்கா வீட்டு அறைக்கே போவோம் என்றாள். தமக்கை மூலையில் இருந்து அழுதார். பேசுகிறபோது எல்லோருடைய வாயிலிருந்தும் புகை வந்தது. பிள்ளையின் மூக்கு சிவக்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் கதவில் இரண்டு தட்டு.

நிண்டுபிடியார் நேரே போய் ஹீற்றரில் காதை வைத்துப் பார்த்தார். முதலில் தாயையும் பிள்ளையையும் தன்னுடைய வீட்டுக்கு அனுப்பி, தன் மனைவியிடம் சூட்டைக் கூட்டச் சொன்னார். பிறகு என்னைத் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்குக் கூட்டிப்போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். அடியில் முழுசாக ஒரு ஹீற்றர் இருந்தது.

"ஒரு வீட்டை உடைக்கேக்கை வாங்கினனான். நீங்கள் வந்த கிழமையே எடுத்து வைச்சிட்டன். உங்கடை நிண்டுபிடிக்காதெண்டு சொன்னனான்தானே, தம்பி."

அந்தக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். அடுத்த வீட்டுத் தண்ணீர்ப் பம்புக்கு ஒன்று, முன்வீட்டுப் படிக்குப் பலகை. தான் சாவு சொன்ன பொருளுக்கெல்லாம் மனிதர் மாற்று வாங்கி வைத்திருந்தார். இந்த ஆளுக்குப் பயந்தா ரீவிச் சத்தத்தைக் குறைத்தேன்?

பனியில் மட்டை விரித்து, தேங்கிய தண்ணீரை இறக்க இருவரும் வீட்டுக்கு அடியில் படுத்தோம். தைத்திருந்த இடத்தை மெல்லத் தட்டி, உது நிண்டுபிடிக்காது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. படங்கு வெடித்து மஞ்சள் தண்ணீர் அவ்வளவும் அவருடைய தலையில் கொட்டியது. சொன்னது பலித்த சந்தோசத்தில் அவருக்குக் குளிரே தெரியவில்லை. காஸ் பூட்ட லைசென்ஸ் உள்ள ஒருவரையும் அவரே பிடித்து வந்தார். பொழுதுபட ஹீற்றர் உறுமி எழுந்தது. தரை ஓட்டையில் கையை வைத்தேன். சூடு ஏறியபோது, நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

பிள்ளையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இந்தமுறை போர்வையை இழுத்து மூட எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய நெஞ்சில் காதை வைத்தார். கண்ணை மூடினார். விரலை மடக்கினார். தட்டப் போன விரலை மகள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை.

"தம்பி, இவள் நிண்டுபிடிப்பாள்."

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

இப்போது யூனியன்வில்லில் செங்கல் வீட்டில் இருக்கிறோம். மகள் என்னைவிட உயரம். குடிவந்த புதிதில் ஒருநாள் நிண்டுபிடியார் வந்தார். சுவரை இரண்டு தட்டுத் தட்டி உதட்டைப் பிதுக்கினார். அப்பாடா என்றிருந்தது. அவர் வந்து தட்டும்வரை அது எனக்கு எங்கள் வீடாகவே தோன்றவில்லை.