மழையை நம்பிய உச்சிமாகாளி

பொன்முடி அடிவாரத்துப் பெண்கள் குழுவிடம் இனி ஒரு கூடை காய் வாங்குவதில்லை என்று ஆரியசாலைச் சந்தைக் காய்கறி வியாபாரி உச்சிமாகாளி சபதம் செய்தார். காரணம், அவர்கள் காய் வாடாமலிருக்க, சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர் அறை ஒன்று வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அவர் சொன்னதுதான் விலை. இப்போதோ, "கட்டுபடியாகாது அண்ணாச்சி, உள்ள இருக்கட்டும்" என்கிறார்கள். குழுத் தலைவி வேறு யாருமில்லை, அவருடைய கொழுந்தியாள் பொன்செல்வி.

"மழை பிடிச்சாச்சு நாச்சியாரே!" சோற்றைப் பிசைந்தபடி மனைவியிடம் முழங்கினார். "வெயில் இல்லன்னா அது வெறும் அலமாரி. பயத்தங்கா அழுகும். உன் தங்கச்சி தன்னால வருவா."

"அதுவரைக்கும் உங்ககிட்ட வாங்குத ஓட்டல்காரங்க என்ன செய்வாங்க?"

"தவிப்பானுங்க!"

"யாரு ரொம்பத் தவிப்பா?" என்று கேட்டு ரசம் ஊற்றினாள்.

உச்சிமாகாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தங்கைக்காக மூக்கைச் சிந்தாமல் வியாபாரம் கேட்கிறாளே! எந்த ஓட்டலுக்கு என்ன காய், யார் பேரம் பேசுவார், யார் பேசாமல் வாங்குவார், எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

மழை கொட்டியது. காய் மட்டும் அழுகவில்லை. அந்த அறை வெயிலடித்தபோதே பனிக்கட்டி உறையவைத்துக் குளிரைச் சேர்த்து வைத்திருந்ததாம். இவர் கடைதான் காலி. ஓட்டல் மஹேஷிடம் விசாரித்தால், "அண்ணாச்சி, இப்ப இந்த நம்பர்ல விளிச்சா மதி, ஒரு போன் போதும், காய் வந்துடும்" என்று ஒரு நம்பரை நீட்டினான்.

வெறும் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பெண்களின் பழைய முகங்கள் நினைவுக்கு வந்தன. கடைசி பஸ் போய்விடும் என்று வாடிய காயைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு ஓடிய முகங்கள். அந்த பஸ் நேரம் தெரிந்துதான் அவர் பேரத்தை இழுப்பார். செய்திருக்க வேண்டாம் என்று இப்போது மனசு அடித்துக்கொண்டது. போன் செய்து, நியாய விலைக்கே கேட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நம்பரை அழுத்தினார்.

அடுக்களையில் மணி அடித்தது.

எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தேயிராத ஒரு போனை நாச்சியார் காதில் வைத்திருந்தாள். "ஹலோ, குழுவுல இருந்து பேசுதேன். யாரு?"

"ஆரியசாலை... உச்சிமாகாளி. பயத்தங்கா கிடைக்குமா? நீங்க சொல்லுத விலைதான்."

அவரை நேராகப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"காலைல கூப்பிடுங்க அண்ணாச்சி. இப்ப எங்க வீட்டுக்காரருக்குச் சோறு போடணும்."