நாற்பது நிமிஷப் பட்டை

நல்லூர், திருப்பூர்
16.9.2004

அன்புள்ள மச்சான் மோகன்ராஜ் அவர்களுக்கு,

நல்லூரிலிருந்து மயில்சாமி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை வேலாத்தாளும் நலம். கணியூரில் தோட்டம், மாடு, அக்கா, நீங்கள் என எல்லோரும் அதே வரிசையில் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். பாதியிலேயே உங்கள் தங்கை போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால் கடிதம்.

முதலில் நன்றி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரே "பொண்ணைக் கட்டிக் குடுங்க" என்றபோது நீங்கள் ஒருத்தர்தான் "அவ இஷ்டப்பட்டதைப் படிக்கட்டுமுங்க மாப்ள, நான் பொறுப்பு" என்று தமிழ்மதியைக் கோயமுத்தூரில் ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிட்டீர்கள். அவள் ஈஸ்ட் என்று சொன்னதை நான் வேஸ்ட் என்று காதில் வாங்கி, பனியன் கட்டிங் வேஸ்ட்டில் என் மகள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று தெருத்தெருவாகச் சொல்லி, வேஸ்ட் வியாபாரி மணியன் பூரித்துப்போய் இரண்டு மாதம் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். பன்னுக்குப் போடுகிற ஈஸ்ட் என்று தெரிந்த அன்றோடு டீ நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சொன்னபடியே, அரிசிம்பருப்பு சாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஈஸ்ட்டை விட்டு நகர முடியாது என்று மூன்று வாரமாக வீட்டுக்கே வராதவள், பாதியாக இளைத்து லேபிலேயே கிடந்தாள். எதிரே ஒரு கண்ணாடி ஜாடி, அதில் கலங்கல் தண்ணீர், காற்று ஊத ஒரு பம்ப், பக்கத்தில் ஓடுகிற பேப்பரில் ஒரு பேனா ஏறி இறங்கிக் கோடு போடுகிறது. "உள்ள இருக்கறது பூரா ஈஸ்ட் செல்லுங்கப்பா. கோடிக்கணக்குல இருக்குது. நாப்பது நிமிஷத்துக்கு ஒருக்கா அத்தனையும் ஒண்ணாச் சேர்ந்து மூச்சை வேகமா இழுக்குது, அப்பறம் மெதுவா இழுக்குது" என்றாள். "ஆரு சொல்லி?" என்றேன். "ஆருஞ் சொல்லலீங்கப்பா, அதுகளா." மச்சான், எங்கள் யூனிட்டில் பதினாறு பேரை ஒரே நேரத்தில் டீக்கு அனுப்பச் சங்கு ஊதி, சூப்பர்வைசர் கத்தி, அப்புறமும் நாலு பேர் தனியாகத்தான் போகிறார்கள்! நான் வாய் பிளந்து நிற்கும்போதே பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆட்டம் ஈஸ்ட்டோடது இல்லை, காற்று பம்ப்போடது என்று ஆராய்ச்சியைச் சரிபார்க்கிற கமிட்டியில் ஒரு பெரியவர் எழுதிவிட்டாராம். பதில் சொல்ல முடியாவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் போச்சு.

"நீ போயிச் சாப்புடு கண்ணு, நாம் பாத்துக்கறேன்" என்றேன். "பாருங்க. தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்தேன். சத்தியமாக அஞ்சு நிமிஷம் பார்க்க மட்டும்தான் செய்தேன். ஆனால் இருபத்தாறு வருஷமாக நிட்டிங் மெஷின் ஃபிட்டர் நான். துணியில் சம இடைவெளியில் பட்டை விழுந்தால் மெஷினில் கோளாறு என்று அர்த்தம், அதைப் பார்த்து என் கை சும்மா இருக்குமா? டேப்பை எடுத்து அந்தக் கோட்டை அளந்தேன், ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே அளவு. பம்ப் வேறு கொர்ரென்று இழுத்தது. அலமாரியில் இன்னொரு பம்ப் சும்மா உட்கார்ந்திருந்தது, பத்தாம் நம்பர் ஸ்பேனர் எப்போதும் என் பையில்தான் இருக்கும், விதியைப் பாருங்க. பம்ப்பை மாற்றி, காற்றையும் ஒரு திருகு கூட்டிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கோடு இஸ்திரி போட்ட மாதிரி நேராகிவிட்டது. தலையைச் சீவிக்கொண்டு, மகள் வந்து பாராட்டுவாள் என்று நின்றேன்.

வந்தாள். பேப்பரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பட்டைதானுங்கப்பா என்ற ஆராய்ச்சியே."

எனக்கு உசிரே இல்லீங்க மச்சான். அவள் காற்றைப் பழைய அளவுக்குக் குறைத்தாள், பம்ப்பைக் கவனிக்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் வராந்தா பெஞ்சை விட்டு நான் நகரவே இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து ஜாடியிடம் போய், "தப்பு என்ற மேல, புள்ளையத் தண்டிச்சுப்போடாத சாமி" என்று கெஞ்சினேன். செவ்வாய்க்கிழமை காலையில் பேனா லேசாக அசைந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. டேப்பை வைத்தேன். அதே நாற்பது நிமிஷம்!

அவளுடைய கைடு சித்ராதேவி மேடம் ஓடி வந்தார். நான் கதவோரம் நின்று, ஃபிட்டர் எவனும் சொல்லுவதைத்தான் சொன்னேன்: "ஏனுங் மேடம், பட்டை மெஷின்ல இருந்து வந்துதுன்னா, மெஷினை மாத்துனா இடைவெளி மாறோணுமுங்க. மாறலைன்னா கோளாறு நூல்லதானுங்க." மேடம் பம்ப்பை உற்றுப் பார்த்தார். "இது வேற பம்பாச்சே. யார் மாத்துனது?" நான் வாசலைப் பார்த்தேன். மேடம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "பம்ப் மாறியும் அலை மாறலைன்னா அது ஈஸ்ட்டோடதுதான், எழுதும்மா தமிழ்மதி. ஓடறதைக் கழட்டிப் பாக்க எங்களுக்குத்தான் இத்தனை நாளாத் தைரியம் வரலை" என்றார். பஸ் ஏற்றிவிட வந்த பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை தொட்டீங்கப்பா" என்றாள். அவினாசி வரைக்கும் அழுதுகொண்டேதான் வந்தேன், கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கினேன்.

அவளைப் படிக்க வைத்த உங்களுக்கும், நான் கெடுத்ததை மன்னித்துத் திரும்ப மூச்சு விட்ட அந்த ஈஸ்ட்டுக்கும் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். இனி என் மெஷினைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று வேலாத்தாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, ஸ்பேனரையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். தோட்டத்துக்கு மழையும் மாட்டுக்குக் கன்றும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
மயில்சாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது மேடம் போன் பண்ணினார். ஒரு தடவை நடந்தது போதாதாம், கமிட்டிப் பெரியவர் கண்ணெதிரே பம்ப்பை மாற்றி, அதே பட்டை திரும்பி வருவதைக் காட்ட வேண்டுமாம். "அதே கையால வந்து மாத்திக் குடுங்க" என்கிறார். வருகிற திங்கட்கிழமை போகிறேன். உங்கள் தங்கை ஸ்பேனரை அரிசி டிரம்மில் புதைத்துவிட்டுத் தரமாட்டேன் என்கிறாள். கடிதம் கண்டதும் அவளுக்கு ஒரு போன் போடுங்க மச்சான், புண்ணியமாப் போகும்.