கோமளா திருந்தாத கதை

மணமான ஆடவர்களுக்கும், மணமான பிறகு திரைக்கதை எழுத நினைக்கும் ஆடவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மனைவியைத் திருத்துவதற்காகப் படம் எடுக்காதீர்கள். எடுத்தே தீர்வீர்களானால் சொந்த வீட்டில் எடுக்காதீர்கள். சொந்த வீட்டைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், கதையை மனைவியின் காதில் விழும்படி வாசிக்காதீர்கள். இந்தப் பிழைகள் அனைத்தையும் ஒரே படத்தில் செய்து முடித்தவன் என்ற தகுதியோடு பேசுகிறேன்.

துறையூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் தமிழாசிரியனாகி, கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டவன் நான். பெயர் வீரமலை. பெயரில் வீரமும் இருக்கிறது, மலையும் இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போது இரண்டையும் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட வேண்டும். என் மனைவி பானுமதி குரலை உயர்த்துபவள் அல்லள், கோபித்துக்கொள்பவளும் அல்லள். ஆனால் ‘நீங்க சொன்னதுதாங்க சரி’ என்ற மூன்றே சொற்களை மணநாள் முதல் இன்றுவரை அவள் என்னிடம் உதிர்த்ததில்லை. நான் சரியாகச் சொன்னால் ‘பார்ப்போம்’ என்பாள். தவறாகச் சொன்னால் சிரிப்பாள்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் ‘காவிரிக்கரைத் தனித்திரை வட்டம்’ கூடும். பெரிய நிறுவனங்களின் தயவின்றித் தாமே படம் எடுக்க விரும்புவோர் ஒருவருக்கொருவர் தொழில்நுணுக்கம் சொல்லிக்கொள்ளும் அவை அது. திருமண வீடுகளில் படம் எடுக்கும் ஜோஸிடம் கேமரா இருந்தது. கல்லூரியில் காட்சி ஊடகம் கற்பிக்கும் ஷாஜியாவிடம் படிப்பு இருந்தது. திருவரங்கத்திலிருந்து பேருந்து மாறி வரும் தங்கையனிடம் ஒரு கொலைக்கதை இருந்தது. பல்லாண்டுகளாக எழுதுகிறார், அதில் இன்னும் யாரும் சாகவில்லை. என்னிடம் அறம் இருந்தது. முன்னறையும் இருந்தது. ஆகவே நான் தலைவர்.

அறிவுரைக்கு எங்களிடம் குறைவே இல்லை. ‘சொல்லாதே, காட்டு.’ ‘இருப்பதை வைத்து எடு.’ ‘காட்சிக்குள் தாமதமாக நுழை, விரைவாக வெளியேறு.’ குறைவாக இருந்தது படம் மட்டுமே.

வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பாத்திரம் பிரித்து உரக்க வாசிப்பார்கள். பிறகு குறை சொல்வார்கள். அந்த நேரத்தில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இறுதியில் ‘நன்றி’ மட்டும் சொல்லலாம். தங்கையன் தம் கொலைகாரனுக்காக ஒரு பிற்பகல் முழுதும் வாதாடிய பின்பு, நானே வகுத்த சட்டம் அது. சட்டம் வகுக்கும்போது அது பிறருக்கு என்றே நமக்குத் தோன்றுகிறது.

எல்லாம் நலமாக நடந்துகொண்டிருந்தபோது பானுமதி ஆரி வேலை கற்றுக்கொண்டு வந்தாள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரவிக்கைத் துணியில் கொக்கி ஊசியால் மணியும் சரிகையும் பதிக்கும் கலை. கற்றவள் சும்மா இருந்திருக்கலாம்.

“என்னங்க, தெருவுல ஏழெட்டுப் பேரு கத்துக்கறேங்கறாங்க. முன்ரூம்ல ஸ்டாண்ட் போட்டு கிளாஸ் எடுக்கலாம்னு இருக்கேன்.”

“அது வட்டம் கூடுற இடம், பானு.”

“வட்டத்தைக் கொஞ்சம் சுருக்கிக்குங்களேன்.”

“கலைக்கு வெளிச்சம் வேணும். பெரிய ஜன்னல் அங்கதான் இருக்கு.”

“ஊசியில நூல் கோக்கவும் அதே வெளிச்சம்தாங்க வேணும். நீங்க உள்ரூம்ல உக்காந்து பேசலாமே. பேசறதுக்கு எதுக்கு ஜன்னல்?”

நான் ஓர் உவமை சொன்னேன். என் வழக்கம் அது.

“கேட்டுக்கோ. கடலோரக் கோபுரத்து உச்சியில ஒரு விளக்கு எரிஞ்சுது. ஒருத்தி அதைக் கழட்டிட்டு வந்து வீட்டுல வெச்சு அரிசி பொறுக்கினா. அவளுக்கு அரிசி சுத்தமாச்சு. கடல்ல வந்த கப்பலெல்லாம் பாறையில மோதி உடைஞ்சுது.”

“கப்பல்ல யாரு வந்தா?”

“நாட்டு மக்கள்.”

“மூணு பேருதான வர்றாங்க. அதுக்குக் கப்பல் எதுக்குங்க, ஒரு ஆட்டோ போதும்.” எழுந்தாள். “பொங்கல் கழிஞ்சு ஆரம்பிக்கறதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டாளாம். என்னிடம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாளாம். எங்கள் வட்டம் ஏற்கெனவே ஒரு பூங்காவிலிருந்தும் இரண்டு டீக்கடைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டது. முன்னறை போனால் வட்டம் போயிற்று. வட்டம் போனால் நான் யாருக்குத் தலைவர்?

அறநெறி நிற்பவன் கத்தி எடுப்பதில்லை, பேனா எடுக்கிறான். மார்கழி பிறந்ததும் எடுத்தேன். ‘கோமளா திருந்தினாள்’ என்பது குறும்படத்தின் பெயர். கோமளா என்னும் பெண், கலை பேசும் கணவனின் நண்பர்களை வீட்டை விட்டு விரட்டுகிறாள். வீடு இருள்கிறது. செடி வாடுகிறது. பால் திரிகிறது. இறுதிக் காட்சியில் அவள் கண்ணீரோடு கணவன் முன் நின்று, ‘நீங்க சொன்னதுதாங்க சரி’ என்கிறாள்.

கணவனாக நான். கோமளாவாகப் பானுமதி. அந்த ஒரு வரியை நேரே ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை, அண்மையில் ஒருமுறை, தொலைவில் ஒருமுறை, லாரி சத்தம் குறுக்கிட்டதென்று இன்னொருமுறை என்று எடுத்துக்கொண்டே இருக்கலாம். வாய் பழகினால் மனம் பழகும். ஊழி ஊழியாக எனக்கு மறுக்கப்பட்ட வாக்கியத்தை ஒரே பகலில் வட்டியோடு கேட்டுவிடலாம். முன்னறையும் நிலைக்கும்.

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு என்னங்க தெரியும் நடிப்பெல்லாம். நீங்க சொல்லிக் குடுத்தா செய்யறேன்,” என்றாள்.

இவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்ட மனைவியைக் கண்டு அஞ்சாதவன் மூடன். நான் மகிழ்ந்தேன்.

ஞாயிறன்று வாசிப்பு நடந்தது. கோமளாவைப் பானுமதி வாசித்தாள். கணவனை ஜோஸ் வாசித்தார். இறுதி வரி வந்தது. “நீங்க சொன்னதுதாங்க சரி,” என்று அவள் மளிகைச் சாமான் பெயரைப் படிப்பது போலப் படித்தாள். அதுவும் ஜோஸைப் பார்த்துப் படித்தாள். பொறுத்துக்கொண்டேன்.

“ஒரு சின்ன சந்தேகம்,” என்றாள் பிறகு. “எனக்கு இதெல்லாம் தெரியாது.”

‘தெரியாது’ என்று ஒரு மனைவி தொடங்கினால், கணவன் உடனே கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். நான் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன்.

“இந்தக் கோமளாவுக்கு என்னதான் வேணும்?”

ஷாஜியா நிமிர்ந்தாள். “அக்கா கேக்கறது கரெக்ட். பாத்திரத்துக்கு ஒரு ஆசை இருக்கணும். இவளுக்கு எதுவுமே இல்ல.”

“விரட்டறா, அழறா, விரட்டறா, அழறா. வீட்டுக்கு வர்றவங்கள எதுக்கு விரட்டறா?”

“காரணமே எழுதலக்கா.”

“ஒருவேளை அந்த ரூம் அவளுக்கு வேணுமோ என்னமோ.”

ஜோஸ் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அது நல்லாருக்கே. அவ ஏதாவது தொழில் பண்ணலாம். தையல் மாதிரி.”

“ஆரி,” என்றாள் பானுமதி, தரையைப் பார்த்தபடி.

“ஆரின்னா இன்னும் நல்லது. குளோசப்ல மணியெல்லாம் மின்னும்.”

நான் வாயைத் திறந்தேன்.

“எழுதினவர் பேசக் கூடாது வாத்தியாரே,” என்றார் தங்கையன். தம் கதையில் ஓர் எறும்பைக்கூடக் கொல்லத் தெரியாத மனிதர், என்னை ஒரே வரியில் கொன்றார்.

“அப்படின்னா,” என்று பானுமதி மிகவும் யோசிப்பவள் போலக் கேட்டாள், “அவமேல தப்பில்லையே. கடைசியில யாரு திருந்தணும்?”

“கணவர்தான்க்கா,” என்றாள் ஷாஜியா. “யாரு மாறறாங்களோ அவங்கதான் கதைக்கு நாயகன்.”

“ஐயையோ, அப்போ இவருக்கு வேலை ஜாஸ்தியாயிடுமே. பாவம்.”

“சாருக்கு சூப்பர் ரோல்க்கா.”

“தலைப்பு?” என்றார் ஜோஸ்.

“கோமளா பேரை எடுத்துடலாம். ‘திருந்தினார்’னு வெச்சா மரியாதையாவும் இருக்கும்,” என்றாள் பானுமதி.

மூவரும் கைதட்டினார்கள். எழுதியவன் அங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைவே ஒருவருக்கும் இல்லை. தங்கையன் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

“இப்போ பேசலாம் வாத்தியாரே.”

“நன்றி,” என்றேன்.

அடுத்த வாரம் படப்பிடிப்பு. நாற்காலிகளையும் புத்தக அலமாரியையும் கணவன் தன் கையாலேயே வெளியே கொண்டுபோக வேண்டும் என்று புதிய காட்சி ஒன்று முளைத்திருந்தது.

“ரூமைக் காலி பண்ணிட்டேன்னு ஒரு வசனம் வெச்சாப் போதுமே,” என்றேன்.

“சொல்லக் கூடாது, காட்டணும்னு நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீங்க?” என்றாள் பானுமதி.

அலமாரியைத் தூக்கினேன். “முதுகுல வேர்வை தெரியற மாதிரி திரும்புங்க சார்,” என்றார் ஜோஸ். திரும்பினேன். பிறகு ஆரி ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தேன். பின்னணிக்குத் தெருப் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். இறுதியாக, பானுமதியின் எதிரில் நின்று, கண் கலங்க, ‘நீ சொன்னதுதாம்மா சரி’ என்று நான் சொல்ல வேண்டும்.

சொன்னேன்.

“குக்கர் விசில் வந்துடுச்சு சார், ஒன்ஸ்மோர்.”

சொன்னேன்.

“ஃபோகஸ் போயிடுச்சு சார்.”

சொன்னேன்.

“சார், மனசுல ஒத்துக்காம சொல்ற மாதிரி இருக்கு,” என்றாள் ஷாஜியா.

“ஆமாங்க,” என்றாள் பானுமதி. “இன்னும் கொஞ்சம் உள்ளேருந்து வரணும்.”

நேரே, பக்கவாட்டில், அண்மையில், தொலைவில். நான் அவளுக்கென்று வகுத்து வைத்திருந்த கோணங்கள் ஒன்றுகூட வீணாகவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருமுறையும் ஆவலோடு கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி, “எங்க வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வரட்டுமாக்கா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மாலையில் எல்லாம் முடிந்ததென்று பெருமூச்சு விட்டு, ஒரு நாற்காலியை முன்னறைக்குள் தூக்கி வந்தேன்.

“சார், வெக்காதீங்க,” என்று ஜோஸ் ஓடி வந்தார். “கன்டினியூட்டி. எடிட்டிங்ல ஒரு ஷாட் குறைஞ்சா மறுபடி எடுக்கணும். எடுத்தது எடுத்தபடியே இருக்கணும்.”

“எடிட்டிங் எப்போ?”

“தை முழுக்கக் கல்யாணம் சார். மாசியிலயும் நிறைய புக்காயிருக்கு. அப்புறம் பார்ப்போம்.”

‘பார்ப்போம்.’ அந்தச் சொல் எங்கிருந்து அவர் வாய்க்குப் போனது என்பதை நான் அறிவேன்.

பொங்கல் கழிந்தது. பின்னணிப் பெண்கள் மறுநாளே வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

“படப்பிடிப்புதான் முடிஞ்சுதே, பானு.”

“மறுபடி எடுத்தா கை இயல்பா இருக்க வேணாமாங்க? அதான் பழகறாங்க.”

வட்டம் என் மோட்டார் சைக்கிள் நிற்கும் தகர ஷெட்டில் கூடியது. கூடியது என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். முதல் ஞாயிறே ஷாஜியா, “அக்கா வேலையைப் பார்த்துட்டு வரேன் சார்,” என்று உள்ளே போனவள், ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். ஜோஸ் கல்யாணத்தில் இருந்தார். தங்கையனையும் காணவில்லை. தேடிப் போனால், முன்னறையில் ஊசி குத்தும் பெண்கள் நடுவே அமர்ந்து தம் கொலைக்கதையை வாசித்துக்கொண்டிருந்தார். ஊசி துணியில் மாட்டியிருப்பதால் அவர்களால் எழுந்து ஓட முடியாது. அது மட்டுமன்று, யோசனையும் சொன்னார்கள். அந்த யோசனையால் அவர் கதையில் முதல் பிணம் விழுந்தது.

“யாரைக் கொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு தமிழ் வாத்தியாரை. எல்லாரும் ஒரே மனசா சொன்னாங்க.”

இளம் இயக்குநர்களே, இதைப் பொறுமையோடு கேளுங்கள். ஒருவன் ஆடு பயிரை மேயாதிருக்க முளை அடித்தான். கயிற்றின் ஒரு நுனியை ஆட்டின் கழுத்தில் கட்டினான். மறுநுனியை முளையில் கட்டுவதற்கு முன், கை ஓய்வெடுக்கட்டும் என்று தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். ஆடு நடந்தது. அவனும் நடந்தான். வயல் முழுதும் மேய்ந்து முடித்த ஆடு திரும்பிப் பார்த்தபோது, மூச்சிரைக்க நின்றவன் ஊராரைப் பார்த்து, ‘ஆட்டை விடாமல் பிடித்திருக்கிறேன்’ என்றானாம். கலை என்பது அந்தக் கயிறு. எந்த நுனி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்த பிறகு எழுத உட்காருங்கள். பாத்திரத்துக்கு ஆசை வேண்டும் என்கிறார்கள், சரி. எழுதுகிறவனின் ஆசை மட்டும் தெருவில் கிடக்கலாமா? இந்த அநீதியை எந்தத் திரைப்படக் கல்லூரியில் கேட்பது?

பங்குனி வெயிலில் தகர ஷெட் தோசைக்கல் ஆயிற்று. ஜோஸ் ஒருவழியாகப் படத்தைத் தொகுத்துக் கொண்டுவந்து காட்டினார். ஒரு ஷாட்கூடக் குறையவில்லை. இனி அந்த அறையில் எதையும் நகர்த்தலாம். சட்டப்படி எனக்கு முழு உரிமை இருந்தது. முன்னறை வாசலில் போய் நின்றேன். ஸ்டாண்டுகள் வரிசையாக இருந்தன. பெண்கள் தலை நிமிராமல் ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்டாண்டை நகர்த்தச் சொல்லி ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான். தொண்டை வரை வந்தது.

அப்போதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. அறை போனது போகட்டும். பறிகொடுத்ததாக ஏன் இருக்க வேண்டும்? நானாகக் கொடுத்ததாக இருக்கட்டும். பெருந்தன்மையாகக் கொடுத்தால், எந்தப் பெண்ணும் அந்த மூன்று சொற்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேமரா வேண்டாம், ஒத்திகை வேண்டாம், உண்மையாகவே கேட்டுவிடலாம்.

பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் எதிரில் நின்றேன்.

“பானு, நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். முன்ரூம் உன் கிளாஸுக்குத்தான் பொருத்தம். வெளிச்சம் ஊசிக்குத்தான் வேணும். நாங்க உள்ரூம்ல உக்காந்து பேசிக்கறோம்.”

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் இதுவரை நான் காணாத கனிவு. உதடுகள் பிரிந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“இதத்தாங்க நான் மொதல்லேருந்து சொல்லிட்டிருக்கேன்,” என்றாள்.