புரிஞ்சுதா சாரங்கபாணி

நம் கல்லூரிகளில் ஓர் இனம் வாழ்ந்து வருகிறது. இதை அடையாளம் காணப் பூதக்கண்ணாடி வேண்டாம், காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டால் போதும். எதையாவது நீட்டி முழக்கிச் சொல்லி முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்கும். "புரிஞ்சுது சார்" என்று பதில் வரும். உடனே அந்த இனம் மனநிறைவோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். புரிந்ததா என்பதா முக்கியம்? கேட்டாயிற்றே!

நம் சாரங்கபாணி இந்த இனத்தில் முதல் தரம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், இரண்டு பக்கமும் வயலாக இருக்கும் ஒரு கல்லூரியில் மூத்த பேராசிரியர். வீட்டில் மனைவி பிரகதாம்பாளிடம் காபிக்கு எத்தனை சர்க்கரை என்று விளக்கிவிட்டு "புரிஞ்சுதா?" என்பார். அம்மாளும் "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு இத்தனை வருடமாகத் தன் கணக்குப்படியே போடுகிறார். நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் கோவிந்தராசுவிடம், எந்த மடையைத் திறப்பது, எந்த வடிகாலை அடைப்பது என்று போனிலேயே பாடம் நடத்திவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுதுங்க" என்றார் கோவிந்தராசு. மறுநாள் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் மொத்தமும் தண்ணீருக்கு அடியில். "புரிஞ்சுதுன்னு சொன்னானே!" என்று ஊரெல்லாம் சொல்லி ஆதங்கப்பட்டார் மனிதர். தாம் சொன்னதில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் கல்லூரி எந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தது தெரியுமா? ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே ஆராய்ந்து, பிள்ளைகள் உண்மையில் என்ன கற்கிறார்கள் என்று கண்டறிய உதவும் மையத்தின் பொறுப்பை! வாசலில் அவர் பெயர் போட்ட பலகை, உள்ளே ஏசி, சுவரெல்லாம் வட்டமும் அம்புக்குறியுமாகப் படங்கள். மாதத்துக்கு ஒரு பயிலரங்கம். அதில் மெதுவடையும் டீயும் பிரமாதம். சொற்பொழிவு அதைவிட நீளம். எல்லாம் இருந்தது, ஆராய்ச்சி மட்டும் இல்லை. மையம் தொடங்கிய நாளிலிருந்து ஓர் ஆசிரியராவது தன் வகுப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயத்தைக்கூடக் கண்டுபிடித்ததில்லை.

வந்தது வினை. பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது, உருப்படியாக ஓர் ஆய்வாவது காட்டாவிட்டால் மையத்தை மூடிவிட்டு அறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கப்போவதாக முதல்வர் சொல்லிவிட்டார். சாரங்கபாணிக்குச் சோறு இறங்கவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். அந்தப் பலகையின் கீழேயே ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் தப்பில்லை, பாவம்.

அந்த நேரம் பார்த்துப் புள்ளியியல் நடத்தும் எழில்மொழி கதவைத் தட்டினாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள்.

"சார், எங்கிட்ட நன்னிலத்துலேந்தும் பட்டுக்கோட்டையிலேந்தும் பஸ் ஏறி வர்ற பிள்ளைங்க படிக்கிறாங்க. புரிஞ்சுதான்னு கேட்டா ஒரே குரலா புரிஞ்சுதுங்கறாங்க. பரீட்சையில பாதிப் பேரு வெறும் பேப்பர் குடுக்கறாங்க. ஏன்னே தெரியல சார். அதைக் கண்டுபிடிக்கணும்."

சாரங்கபாணிக்கு வாயெல்லாம் பல். "வாங்கம்மா, உக்காருங்க. நல்ல கேள்வி! ஆனா இது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகல" என்று ஆரம்பித்தார். ஏசியைக் கூட்டினார், வட்டம் போட்டார், வட்டத்துக்குள் வட்டம் போட்டார். அவள் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி, கடைசியில், "காவிரிப் படுகை உயர்கல்விக் கற்போரிடையே புரிதல்சார் வெளிப்பாட்டு இடைவெளி: எபிஸ்டெமிக் ஸ்காஃபோல்டிங் நோக்கில் ஒரு சட்டகம்" என்று வந்து நின்றது.

"புரிஞ்சுதா?"

அவள் வட்டங்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "புரிஞ்சுது சார்" என்றாள்.

குழு வந்தது. தலைவர் பேராசிரியர் மேகலா. அதிகம் பேசாத அம்மையார், சும்மா பார்த்தாலே எதிராளி சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். அவர் முன்னிலையில் எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துச் சாரங்கபாணி எபிஸ்டெமிக் ஸ்காஃபோல்டிங்கை விளக்கினார். அப்படி ஒரு விளக்கம்! முடித்ததும் கண்ணாடியைத் துடைத்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்றது சபை. முதல்வர் குரல் அதில் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"ரொம்ப சந்தோஷம். இதை வெச்சு யாராவது தன் வகுப்பைப் பத்தி ஏதாவது கண்டுபிடிச்சாங்களா சார்?" என்று கேட்டார் மேகலா.

சாரங்கபாணி பெருமையோடு எழில்மொழியைக் காட்டினார். அவள் தயங்கி எழுந்தாள்.

"சார் குடுத்த தலைப்பை இன்னும் ஆரம்பிக்கல மேடம். அதுக்கு முன்னாடி சின்னதா ஒண்ணு செஞ்சு பார்த்தேன். பிள்ளைங்க புரிஞ்சுதுன்னு சொன்னதும், எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, புரியாதவங்க மட்டும் கை தூக்குங்கன்னேன். அநேகமா வகுப்பே கை தூக்கிடுச்சு. பக்கத்துல இருக்கறவங்க பார்ப்பாங்கங்கற வெக்கந்தான் மேடம். அப்புறம் அந்தப் பாடத்தை முதல்லேந்து நடத்தினேன். இப்ப யாரும் வெறும் பேப்பர் குடுக்கறதில்ல."

மேகலா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை இங்கயே செஞ்சு பார்த்துடலாமே. சார் இப்ப சொன்னது புரியாதவங்க கை தூக்கட்டும். எல்லாரும் கண்ணை மூடுங்க. சார், நீங்களும்."

சாரங்கபாணி கண்ணை மூடினார். இருட்டில் அவருக்கு ஏனோ டெல்லி ஞாபகம் வந்தது. எபிஸ்டெமிக் ஸ்காஃபோல்டிங் என்ற சொல்லை அவர் கற்றுக்கொண்டது அங்கே நடந்த ஒரு பயிற்சியில்தான். சொல்லிக்கொடுத்தவர் கடைசியில் விளங்கியதா என்று கேட்டார், கூடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள், இவரும் ஆட்டினார். ஆட்டாமல் இருந்தால் தஞ்சாவூர் மானம் என்ன ஆவது? அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சொல்லை ஊர் ஊராக விளக்கி வருகிறார். ஒரு நாள்கூட அது அவருக்குப் புரிந்ததில்லை. இதை அவர் தமக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது யாரும் பார்க்கவில்லை. கை தானாக மேலே போயிற்று. வருடக்கணக்கில் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தது போல மனசுக்கு அப்படி ஓர் ஆறுதல்!

"கையை இறக்காம கண்ணைத் திறங்க" என்றார் மேகலா. பொல்லாத அம்மையார்.

அறை முழுக்கக் கைகள். முதல்வருடைய கை இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லாவற்றையும்விட உயரமாகச் சாரங்கபாணியின் கை இருந்தது. பிறகு கிளம்பிய சிரிப்பில் ஏசி சத்தமே கேட்கவில்லை. முதலில் முகம் சிவந்த சாரங்கபாணியும், வேறு வழியில்லாமல் சிரித்து, பிறகு நிஜமாகவே சிரித்தார்.

"இந்த மையம் கண்டுபிடிச்ச முதல் உண்மை இதுதான் சார். மூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேகலா வடையை எடுத்துக்கொண்டார்.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த பயிலரங்கத்தின் தலைப்பு, "கண்மூடல்சார் கரமுயர்த்தல் அணுகுமுறை: ஒரு சட்டகம்." அன்று காலை முழுக்க வட்டம் வட்டமாக விளக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்றது சபை. அடுத்த படத்துக்குப் போகக் கையை நீட்டியவர் சட்டென்று நின்றார். எழில்மொழியைப் பார்த்தார். மனசு உறுத்தியிருக்க வேண்டும். முறைப்படி செய்துவிடலாம் என்று, "புரியாதவங்க கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, தம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் நேற்று பிள்ளைக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தீர்களே, கடைசியில் என்ன கேட்டீர்கள்? பிள்ளை விழித்ததும் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டீர்கள், இல்லையா? "புரிஞ்சுதுப்பா" என்று அது முனகியதும், அதன் முகத்தைப் பார்த்தீர்களா, கைப்பேசியைப் பார்த்தீர்களா? பரவாயில்லை, இங்கே யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் தூக்குங்கள்.